விருந்தும் வாடிக்கையும்: வாழையிலை உணவகங்களில் பரிமாறுநர் – உண்பவர் உறவு

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் உணவகங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுகின்றனர். குழம்பின் சுவை, மசாலையின் கலவை, தோசையின் பதம் ஆகியன குறித்துக் கருத்துரைப்பதற்கு ஆள் பஞ்சமில்லை. அவ்வுணவை இலையில் இடுபவரைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஓர் உணவகத்திற்கு இருபது ஆண்டுகளாகச் சென்றுவரும் ஒருவரிடம், ஏன் அங்கேயே செல்கிறீர்கள் என்று வினவினால், ‘சாப்பாடு நன்றாக இருக்கும்’ என்பதே முதல் விடையாக வரும். சற்றே பொறுத்திருந்தால், ‘அங்கே நம்மைத் தெரியும்’ என்னும் இரண்டாவது விடையும் வரும். இக்கட்டுரை அவ்விரண்டாவது விடையைப் பற்றியது.

‘தெரியும்’ என்பதன் பொருள் யாது, அத்தெரிதல் எவ்வாறு உண்டாகிறது, யாருடைய உழைப்பால் உண்டாகிறது, அவ்வுழைப்பாளர் கடையை விட்டுச் சென்றால் அது என்னாகிறது என்பன ஈண்டு விளக்கப்படுகின்றன. வாழையிலை உணவகமே முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நாசி கண்டார் கடைகளும் அமெரிக்க உணவகங்கள் இரண்டும் ஒப்புமைக்காகச் சுட்டப்படுகின்றன.

விருந்து, வாடிக்கை

‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியச் செய்யுளியல், வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைக் கூறுமிடத்து, புதிதாகப் புனையப்படும் யாப்பையே அச்சொல்லால் குறிக்கிறது. மனையைத் தேடி வந்த புதியவர் விருந்தினர் ஆனார். அவருக்கு இட்ட உணவும் விருந்தாயிற்று. சுற்றத்தார் வேறு, விருந்தினர் வேறு என்பதே பழைய வழக்கு. இன்று நாம் மாமன் மகள் வந்தாலும் ‘விருந்தாளி வந்திருக்கிறார்’ என்கிறோம். அது பிற்கால விரிவு. திருக்குறளின் இல்லறவியலில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாக அமைந்துள்ளது. விருந்தினரின் மனம் மிக மெல்லியது, ஓம்புவோரின் முகக்குறிப்பு மாறிய அளவிலேயே அது வாடிவிடும் என்னும் கருத்தோடு அவ்வதிகாரம் நிறைவுறுவதை ஆசிரியர்கள் அறிவர். புதியவருக்கே அந்த நுண்ணுணர்வு மிகுதி. பழகியவர் முகம் சுளித்தாலும் பொறுத்துக்கொள்வோம்.

‘வாடிக்கை’ என்னும் சொல்லோ இதற்கு நேர்மாறானது. வழக்கமாக, தொடர்ச்சியாக நிகழ்வதை அது குறிக்கும். ஒரு கடைக்கு வருவதை வழக்கமாக்கிக் கொண்டவர் வாடிக்கையாளர். எனவே ஒருவர் ஒரே நேரத்தில், சொற்பொருளின்படி, விருந்தினராகவும் வாடிக்கையாளராகவும் இருத்தல் இயலாது. விருந்தினர் புதியவர், வாடிக்கையாளர் புதுமை நீங்கியவர். உணவகம் நடத்துவோர் செய்ய வேண்டிய பணி இவ்விரு சொற்களுக்கும் இடையில்தான் உள்ளது. முதல் நாள் விருந்தினராக நுழைந்தவரை நாற்பதாம் நாள் வாடிக்கையாளராக மாற்றுவது எது? விலையும் சுவையும் அவரை இரண்டாம் முறை வரச் செய்யலாம். நாற்பதாம் முறை வரச் செய்வதில் பரிமாறுபவரின் பங்கு பெரிது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஈண்டு ஒரு மறுப்பு எழக்கூடும். விருந்தோம்பல் விலைக்கு விற்கப்படுவதன்று. காசு வாங்கிக்கொண்டு சோறிடுவதை அப்பெயரால் அழைப்பது வணிகர் செய்யும் சொல்லலங்காரம் என்று கூறலாம். இம்மறுப்பில் நியாயம் உண்டு. தங்கும் விடுதி, உணவகத் துறைகளை ‘விருந்தோம்பல் துறை’ என்று ஆங்கிலத்தை ஒட்டி மொழிபெயர்த்து வழங்குவதில் இக்கட்டுரையாளருக்கும் தயக்கம் உண்டு. நம் கடைக்காரர்கள் பழங்காலந்தொட்டு ‘வாடிக்கை’ என்றுதான் கூறி வந்துள்ளனர். அது நேர்மையான சொல். கொடுக்கல் வாங்கல் நடப்பதை அது மறைப்பதில்லை. அதே வேளையில், ஒரு முறை விற்றுத் தீர்வதன்று இவ்வுறவு என்பதையும் அது உணர்த்திவிடுகிறது.

வீடில்லாதவர்க்கு அடுக்களை

இந்நாடுகளில் தமிழர் உணவகம் தோன்றியதே வீட்டுச் சோற்றுக்கு வழியில்லாதவர்க்காக எனலாம். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கப்பலேறி வந்தோருள் பெரும்பாலோர் ஆடவர். மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தோர் பலர். தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர் தாமே பொங்கித் தின்றனர். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் நகரத்துக் கடைகளிலும் பணியாற்றிய தனியாட்களுக்கு உணவகமே அடுக்களை. சிங்கப்பூரில் 1924-ஆம் ஆண்டைத் தம் தொடக்க ஆண்டாகக் கூறிவரும் ஆனந்த பவனும், சிராங்கூன் சாலையில் 1947-இல் தொடங்கப்பட்ட கோமள விலாசும் அக்காலச் சூழலில் முளைத்தவை. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவுதடி தாங்கி, அதன் இருபுறமும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களிடம் கொண்டு சென்று விற்றனர். காவுதடியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே ‘நாசி கண்டார்’ என்னும் பெயரில் இன்றும் நிற்கிறது. அங்கே உண்பவர் கடையைத் தேடிச் செல்லவில்லை. கடை அவரைத் தேடி வந்தது.

மலேசியத் தமிழில் காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்கிறோம். ‘பசியாறியாச்சா?’ என்பது இங்கு நலம் விசாரிக்கும் வாய்பாடாகவே ஆகிவிட்டது. உணவகத்தை ‘பசியாறும் கடை’ என்று முதியோர் சிலர் கூறக் கேட்கலாம். பாடநூலில் ‘காலைச் சிற்றுண்டி’ என்று எழுதிப் பழகிய மாணவர்க்கு இச்சொல்லின் அருமையை எடுத்துக்கூறுதல் தகும்.

அக்காலத்துக் கடைகளில் மாதக் கணக்கு வைத்து உண்ணும் வழக்கம் பரவலாக இருந்தது. அன்றாடம் உண்டதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி, சம்பள நாளன்று தீர்ப்பர். கடன் கொடுப்பதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே வேலை, எந்த ஊர், உடன் தங்கியிருப்பவர் யார், எப்போது ஊருக்குத் திரும்புகிறார் என்பனவெல்லாம் கல்லாவில் அமர்ந்திருந்தவர்க்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே ‘நம்மைத் தெரியும்’ என்பது தொடக்கத்தில் அன்பின் வெளிப்பாடாக மட்டும் இருக்கவில்லை. வணிகத்தின் தேவையாகவும் இருந்தது. கணக்குப் புத்தகம் மறைந்த பின்னும் அத்தெரிதலின் பழக்கம் எஞ்சி நின்றது.

இலையின் முன் நிற்பவர்

வாழையிலைச் சாப்பாட்டின் அமைப்பையே இவ்விடத்தில் சற்று நுணுகி நோக்க வேண்டும். தட்டில் வைத்துத் தரும் உணவில் பரிமாறுபவர் உண்பவரை இரு முறை சந்திக்கிறார்: என்ன வேண்டும் என்று கேட்கும்போது ஒன்று, கொண்டுவந்து வைக்கும்போது மற்றொன்று. பணம் வாங்குவதையும் சேர்த்தால் மூன்று. இலைச் சாப்பாட்டில் நிலைமை வேறு. இலையை விரித்து நீர் தெளிப்பவர் முதலில் வருகிறார். காய்கறிகளும் ஊறுகாயும் அப்பளமும் தொடர்கின்றன. சோற்றுப் பாத்திரத்துடன் வருபவர் புழுங்கலா, வெள்ளைச் சோறா என்று கேட்கிறார். குழம்பு வாளிகளுடன் வருபவர் சாம்பாரா, மீன் குழம்பா, கோழிக் குழம்பா, பருப்பா என்று கேட்கிறார். பொரித்த மீனும் கோழியும் தட்டில் ஏந்தி ஒருவர் வந்து காட்டுகிறார். பின்னர் மறுசோறு, மறுகுழம்பு, ரசம், மோர். ஒருவர் இலையில் அமர்ந்து எழுவதற்குள் ஆறேழு முறை பரிமாறுபவரைச் சந்தித்துவிடுகிறார். ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சிறு வினாவிடை. அவற்றுள் பெரும்பாலானவை பேச்சில்லாமலே நடைபெறுகின்றன. கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டினால் போதும் என்று பொருள். விரல்களைக் குவித்துக் காட்டினால் கொஞ்சம் என்று பொருள். சோற்றின் நடுவே குழி செய்தால் குழம்பு வரலாம் என்று பொருள்.

பிறநாட்டு உணவகங்கள் பயிற்சி கொடுத்து உண்டாக்க முயலும் தனிக்கவனத்திற்கான வாய்ப்பு, இலைச் சாப்பாட்டின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. வாரம் ஒரு முறை வரும் ஒருவரைப் பரிமாறுபவர் ஆண்டுக்கு முந்நூறு முறைக்கு மேல் குனிந்து நோக்குகிறார். நல்ல பரிமாறுநர் இந்நோக்கங்களை வீணாக்குவதில்லை. இன்னார் இடக்கையர், ஆகவே நீர்க்குவளையை மறுபக்கம் வைக்க வேண்டும். இந்த ஐயாவுக்குச் சர்க்கரை நோய், சோறு அரைக்கரண்டியும் கீரை இரண்டு கரண்டியும். இந்த அம்மாவுக்கு ரசம் சோற்றில் ஊற்றக்கூடாது, குவளையில் வேண்டும். இவர் சாம்பாரில் முருங்கைக்காய் விழுந்தால் மகிழ்வார். இவையெல்லாம் எங்கும் எழுதப்படுவதில்லை. குறிப்பறிதல் என்று பொருட்பாலில் ஓர் அதிகாரம் உண்டு. அது அரசவையில் அமைச்சருக்கு உரியதாகக் கூறப்பட்டாலும், அத்திறனை அன்றாடம் பயில்பவர் வாளியேந்திய இம்மனிதரே.

நாட்காட்டியும் இவர் நினைவில் அடங்கும். செவ்வாய், வெள்ளிகளில் புலால் தவிர்ப்போர் யார், புரட்டாசி முழுவதும் தவிர்ப்போர் யார், தைப்பூச விரதம் இருப்போர் யார் என்பதைத் தேர்ந்த பரிமாறுநர் அறிவார். வேலைக் களைப்பில் கிழமையை மறந்து பொரித்த மீன் கேட்ட ஒருவரிடம், ‘இன்றைக்கு வெள்ளிக்கிழமை ஆயிற்றே, அண்ணே’ என்று பரிமாறுபவர் தணிந்த குரலில் நினைவூட்டியதைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு கடையில் கண்டதுண்டு. ஒரு துண்டு மீனின் விலை கடைக்கு இழப்புதான். அந்த வாடிக்கையாளர் இனி வேறு கடையைத் தேடிப் போவார் என்று தோன்றவில்லை.

உண்டபின் இலையை மடிக்கும் வழக்கத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். தம் பக்கமாக மடித்தால் நிறைவு, மீண்டும் வருவேன் என்று பொருள். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்பர். குடும்பத்துக்குக் குடும்பம் இது மாறுபடுவதும் உண்டு. சீனரும் மலாய்க்காரரும்கூட இன்று இவ்வழக்கத்தைக் கேட்டறிந்து மடிக்கின்றனர். ஆயினும் அனுபவமுள்ள பரிமாறுபவர் மடிப்பின் திசையை நோக்குவதைவிட, இலையில் எஞ்சியிருப்பது எது என்பதையே நோக்குகிறார் என்பது என் கணிப்பு. மூன்று வாரம் தொடர்ந்து பாகற்காய் எஞ்சியிருந்தால் நான்காம் வாரம் அவர் கேட்காமலே கூடுதல் முட்டைக்கோஸ் வைப்பார்.

பேச்சு மிகுதியே தனிக்கவனம் என்று கருதுவது பிழை. மதிய வேளையில் தனித்து வந்து, எவரிடமும் பேசாமல் உண்டு செல்ல விரும்புவோர் உண்டு. நாள் முழுதும் வகுப்பில் பேசிக் களைத்த ஆசிரியர்க்கு இது நன்கு விளங்கும். அவரைப் பேசாமல் விட்டு, குழம்பை மட்டும் வேளையறிந்து ஊற்றுவதும் தனிக்கவனமே. யாரிடம் எப்போது பேசாதிருக்க வேண்டும் என்பதே இத்தொழிலில் கற்பதற்கு நெடுநாள் பிடிக்கும் பாடம்.

விளிச்சொற்கள்

மொழியாசிரியர்க்கு ஆர்வமூட்டக்கூடிய பகுதி இது. உணவகத்தில் வழங்கும் விளிச்சொற்கள் உறவின் படிநிலையைத் துல்லியமாகக் காட்டுவன. புதியவரைப் பரிமாறுபவர் பெரும்பாலும் ‘சார்’, ‘மேடம்’, ‘பாஸ்’ என்று விளிக்கிறார். வருகை பெருகப் பெருக அவ்விளி ‘அண்ணே’, ‘அக்கா’, ‘ஐயா’, ‘அம்மா’ என மாறுகிறது. ‘சார்’ என்பதிலிருந்து ‘அண்ணே’ என்பதற்கு மாறும் நாளே ஒருவர் விருந்தினர் நிலை நீங்கி வாடிக்கையாளர் ஆன நாள் எனக் கொள்ளலாம். ஆசிரியர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்கள் இறுதிவரை ‘சார்’, ‘டீச்சர்’ என்றே நிலைபெறுகின்றனர்.

மலேசியச் சூழலில் இவ்விளிகள் இன எல்லையைக் கடந்து சென்றுள்ளன. சீனரும் மலாய்க்காரரும் பரிமாறுபவரை ‘அண்ணே’ என்றே அழைக்கின்றனர். தமிழ் முஸ்லிம்களின் கடைகளைக் குறிக்கும் ‘மாமாக்’ என்னும் மலாய் வழக்கும் ‘மாமா’ என்னும் உறவுப் பெயரிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது. ஒரு மொழியின் உறவுப் பெயர், அம்மொழி தெரியாதவர் வாயில் உணவகத்தின் வழியாகவே நுழைந்தது என்பது சிந்திக்கத்தக்கது. இன்று பரிமாறுபவர் வங்காளதேசத்தவராகவோ நேப்பாளியாகவோ இருப்பினும் ‘அண்ணே’ என்றே அழைக்கப்படுகிறார். அவரும் ‘சோறு’, ‘ரசம்’, ‘மோர்’, ‘போதுமா’ என்னும் சொற்களைக் கற்றுக்கொண்டு பணியாற்றுகிறார்.

உறவுப் பெயர்கள் நெருக்கத்தை உண்டாக்குவதுபோலவே ஒன்றை மறைத்தும் விடுகின்றன. பரிமாறுபவர் உண்பவரின் நோய், விரதம், பிள்ளைகளின் தேர்வு ஆகியவற்றை அறிந்திருக்கிறார். உண்பவரோ பரிமாறுபவரின் பெயரைக்கூட அறிவதில்லை. ‘அண்ணே’ என்றழைத்தே காலம் கழிந்துவிடுவதால், பெயர் கேட்க வேண்டிய தேவையே எழாமல் போகிறது. ‘நம்மைத் தெரியும்’ என்று மகிழ்வோரிடம், ‘உங்களுக்கு அவரைத் தெரியுமா?’ என்று கேட்டால் பலர் திகைப்பர்.

மேலைநாட்டார் தரும் விளக்கங்கள்

இப்பொருள் பற்றி மேலைநாட்டு ஆய்வாளர் கூறியவற்றுள் இரண்டு நமக்குப் பயன்படும். அமெரிக்க ஆய்வாளர் பார்பரா குட்டெக் 1995-இல் வெளியிட்ட நூலில், சேவைப் பரிமாற்றங்களை உறவு, சந்திப்பு என இரண்டாகப் பகுத்தார். ஒரே நபரிடம் மீண்டும் மீண்டும் சேவை பெறுவது உறவு. முகமறியாத யாரேனும் ஒருவரிடம் ஒரு முறை பெற்றுக்கொண்டு செல்வது சந்திப்பு. உறவில் இருவருக்கும் நாளைய வருகை பற்றிய எதிர்பார்ப்பு உண்டு. அவ்வெதிர்பார்ப்பே இருவரையும் நன்னடத்தையில் நிறுத்துகிறது. சந்திப்பில் அது இல்லாமையால் விதிமுறைகளும் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன. பின்னர் அவர் மூன்றாவதாகப் போலியுறவு என்னும் வகையைச் சேர்த்தார். ஒரே நிறுவனத்திற்குச் செல்கிறோம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆள். பழகியதாகத் தோன்றுவது நிறுவனத்தின் பெயரோடு மட்டுமே. காகிதக் குவளையில் நம் பெயரை எழுதித் தரும் காப்பிக் கடைகள் இதற்கு எடுத்துக்காட்டு. பெயர் எழுதப்படுகிறது, நாளை அதே பெயரை மீண்டும் கேட்கின்றனர்.

மற்றொருவர் ஆர்லி ஹாக்ஷீல்ட். விமானப் பணிப்பெண்களை ஆய்ந்து 1983-இல் அவர் எழுதிய நூல், முகமலர்ச்சியும் ஊதியத்திற்காகச் செய்யப்படும் உழைப்பே என்று நிறுவியது. அதனை அவர் உணர்ச்சி உழைப்பு என்றார். உள்ளம் வாடியிருக்கும்போதும் முகம் மலர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் தொழிலாளரை உள்ளூரத் தேய்க்கிறது. விருந்தோம்பல் அதிகாரத்தில் முகக்குறிப்பு விருந்தினர் பக்கம் நின்று பேசப்படுகிறது. ஹாக்ஷீல்ட் அதனை ஓம்புவோர் பக்கம் நின்று பேசுகிறார். இரண்டையும் சேர்த்துக் கற்பித்தால் மாணவரிடையே நல்லதொரு விவாதம் பிறக்கும்.

உணவகத் தொழிலுக்குள்ளிருந்து எழுதியோரும் உளர். நியூயார்க்கில் 1985-இல் யூனியன் ஸ்குவேர் கஃபே என்னும் உணவகத்தைத் தொடங்கிய டேனி மேயர், 2006-இல் வெளியிட்ட நூலில் சேவையையும் விருந்தோம்பலையும் வேறுபடுத்தினார். உணவைப் பிழையின்றிக் கொண்டுவந்து தருவது சேவை. அதனைப் பெறுபவர் மனத்தில் என்ன உணர்வு எழுகிறது என்பதைப் பொறுத்தது விருந்தோம்பல். இவ்வேறுபாடு நம் பரிமாறுநர்க்குப் புதிதன்று. அதே நகரில் இலெவன் மேடிசன் பார்க் என்னும் உணவகத்தை நடத்திய வில் கிடாரா 2022-இல் ஒரு நூல் எழுதினார். ஊர் முழுதும் உயர்தர உணவகங்களில் உண்டுவிட்டு, தெருவோரத்து ஹாட் டாக் மட்டும் உண்ணவில்லையே என்று தம்முள் பேசிக்கொண்ட விருந்தினர்க்கு, வெளியே ஓடிச்சென்று அதை வாங்கி வந்து அழகுறத் துண்டாக்கிப் பரிமாறிய நிகழ்ச்சி அந்நூலால் உலகப் புகழ் பெற்றது. படிக்க இனிமையானதுதான். ஆயினும் அது வாழ்நாளில் ஒரு முறை வருபவரை வியக்கவைக்கும் முறை. நாள்தோறும் வருபவரை நாள்தோறும் வியக்கவைக்க இயலாது. அவருக்கு அது வேண்டுவதும் இல்லை. அவருக்கு வேண்டியது, நேற்றுப் போலவே இன்றும் ரசம் குவளையில் வருவது. வியப்பு விருந்தினர்க்கு உரியது. மாறாமை வாடிக்கையாளர்க்கு உரியது. இலட்சம் செலவிட்டுப் பயிற்சி கொடுப்போர் முதலாவதையே மிகுதியும் கற்பிக்கின்றனர்.

அறிதலின் மறுபக்கம்

ஆளறிந்து பரிமாறுதல் எக்காலத்தும் நன்மையாகவே இருந்தது என்று கூறிவிட முடியாது. ஆளை அறிதல் என்பது சாதியை அறிதலாக இருந்த காலம் நெடியது. யார் எங்கே அமரலாம், யாருக்கு எந்தக் குவளை என்பதைத் தீர்மானிப்பதற்கும் ஆளறிவு பயன்பட்டது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், உணவகப் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அகற்றக் கோரிப் பெரியார் கிளர்ச்சி நடத்தியதை இங்கு நினைவுகூரலாம். முன்பின் அறியாத எவரும் எந்த இலையிலும் அமரலாம் என்னும் நிலை தானாக வந்ததன்று, போராடிப் பெறப்பட்டது. அவ்வகையில், ஆளறியாமல் அனைவர்க்கும் ஒரே தட்டு நீட்டும் விரைவுணவுக் கடைக்கும் ஒரு பெருமை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிறிய அளவில் இச்சிக்கல் இன்றும் தொடர்கிறது. பழகியவர் இலையில் பெரிய மீன் துண்டும், அடுத்த இலையில் அமர்ந்த புதியவருக்கு வால் துண்டும் விழுமானால், அப்புதியவர் ஒருபோதும் வாடிக்கையாளர் ஆகமாட்டார். தனித்து வரும் இளம்பெண்ணிடம் ஊரும் வேலையும் விசாரிப்பது பரிமாறுபவர்க்கு உபசாரமாகத் தோன்றலாம். அவருக்கு அது தொல்லையாக இருக்கும். அறிவதற்கு முன் அனுமதி வேண்டும். தேர்ந்த பரிமாறுநர் கேட்டு அறிவதில்லை, கண்டே அறிகிறார்.

நினைவு யாருடையது?

2020 மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, உணவகத்தில் அமர்ந்துண்ணல் நின்றுபோயிற்று. பொட்டலம் மட்டுமே விற்கப்பட்டது. அதன்பின் கியூஆர் குறியீட்டை வருடி, கைப்பேசியிலேயே உணவைத் தெரிவுசெய்யும் முறை விரைந்து பரவியது. கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னும் அம்முறை நீடிக்கிறது. செயலிகள் நாம் முன்பு உண்டதை மறவாமல் வைத்துள்ளன. ஆகவே பரிமாறுபவரின் நினைவுக்கு இனி என்ன தேவை என்று கேட்கலாம். செயலியின் நினைவு நாம் வாங்கியதை மட்டும் அறியும், எஞ்சவிட்டதை அறியாது. வெள்ளிக்கிழமை மீனைக் கேட்டால் அது மகிழ்ச்சியோடு விற்கும். மேலும் அந்த நினைவு நிறுவனத்தின் உடைமை. அதற்கு மலேசியாவில் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. பரிமாறுபவரின் நினைவோ அவரோடே வந்து அவரோடே போவது.

அவர் போய்விடுகிறார் என்பதே இன்றைய உண்மையான இடர். மலேசிய உணவகங்கள் தமிழ்நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் தொழிலாளர்களைப் பெரிதும் நம்பியுள்ளன. அவர்தம் பணி அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. உள்ளூர் இளைஞர் இப்பணிக்கு வருவது அருகிவிட்டது; நீண்ட நேர நிற்றலும் குறைந்த ஊதியமும் அதற்குக் காரணங்கள். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். கடைக்காரர்க்கு அது சுமை. நகரத்தில் வாடகை கொடுத்து வாழ்பவர்க்கு அது போதாது. இரு தரப்பிலும் உண்மை உண்டு. சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையலர்களை வேலை அனுமதியில் கொண்டுவர வழி செய்யப்பட்டது. சமையலர் என்னும் தொழிலே அப்பட்டியலில் இடம்பெற்றது, பரிமாறுநர் இடம்பெறவில்லை. சமைப்பது திறன், பரிமாறுவது எவரும் செய்யக்கூடியது என்னும் எண்ணம் அரசுகளிடம் மட்டும் உள்ளதன்று. முதலாளிகளிடமும் உண்டு, உண்பவராகிய நம்மிடமும் உண்டு. சமையலர் நின்றுவிட்டால் கடையை ஒரு வாரம் மூடுகின்றனர். பரிமாறுபவர் நின்றுவிட்டால் மறுநாளே மற்றொருவர் கையில் வாளியைக் கொடுத்துவிடுகின்றனர். இரண்டு மாதம் கழித்துப் பழைய முகங்கள் சில வராமற்போவதற்கு விலையேற்றமே காரணம் என்று கருதிக்கொள்கின்றனர்.

இதனை ஓரளவு ஈடுசெய்யும் முறைகள் இல்லாமலில்லை. குறிப்பிட்ட மேசைகளைக் குறிப்பிட்ட பரிமாறுபவர்க்கே தொடர்ந்து ஒதுக்குவது ஒன்று. அனைவரும் அனைத்து மேசைக்கும் ஓடும் கடையில் எவரும் எவரையும் அறிவதில்லை. கூடுதல் அப்பளம், ஒரு குவளை மோர் போன்ற சிறு பொருள்களை முதலாளியைக் கேளாமல் வழங்கும் உரிமையைப் பரிமாறுபவர்க்கு அளிப்பது மற்றொன்று; ஒவ்வொன்றுக்கும் கல்லாவை நோக்கித் திரும்பிப் பார்ப்பவர் கையால் பெறும் அப்பளத்தில் உறவு பிறப்பதில்லை. மார்பில் பெயர்ப்பட்டை அணிவிப்பதும் நன்று. ‘அண்ணே’ என்று அழைப்பவரும் நாளடைவில் பெயரைக் கற்றுக்கொள்வர்.

இவையனைத்திலும் பயன்மிக்கதாக எனக்குத் தோன்றுவது, பழைய முறையில் நடைபெறும் சில கடைகளில் இன்றும் காணப்படும் ஒரு வழக்கம். ஊருக்குத் திரும்பவிருக்கும் பரிமாறுபவர், தம் இறுதி வாரத்தில், புதிதாக வந்தவரைத் தம் பின்னே அழைத்துக்கொண்டு மேசை மேசையாகச் செல்கிறார். வாளி புதியவர் கையில் இருக்கும்; பேச்சு பழையவருடையது. ‘ஐயாவுக்குப் புழுங்கல், அரைக்கரண்டி. ரசம் குவளையில். வெள்ளிக்கிழமை சைவம்.’ உண்பவரும் நிமிர்ந்து புதியவரை ஒருமுறை நோக்குகிறார். சிலர் அப்போதுதான், போகிறவரிடம், ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்கின்றனர்.